பருத்தி நகரின் கால்பந்துக் கழகம்

இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் பருத்தி நெசவால் வளர்ந்த பர்ன்லி நகரில், 1882ஆம் ஆண்டு ரக்பி குழுவொன்று கால்பந்துக்கு மாறியதிலிருந்து பர்ன்லி கழகத்தின் வரலாறு தொடங்குகிறது. சனிக்கிழமை அரைநாளோடு ஆலைகள் ஓய்ந்ததும் தறித் தொழிலாளர் திரண்டுவந்த டர்ஃப் மூர் மைதானத்தில் 1883 முதல் ஆடிவரும் இக்கழகம், 1888இல் 12 கழகங்கள் கூடித் தொடங்கிய லீக்கின், அதாவது ஒவ்வொரு கழகமும் மற்ற ஒவ்வொன்றையும் சொந்த மைதானத்திலும் எதிரணி மைதானத்திலும் சந்தித்துப் புள்ளி சேர்க்கும் தொடரின், தொடக்க உறுப்பினர்களுள் ஒன்றாகும்.

1921இல் முதன்முறையாகப் பட்டம் வென்ற கழகம், நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 80,000 மட்டுமே இருந்த நிலையில் 1960இல் மீண்டும் வாகை சூடியதற்கு, இளம் வீரர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்றுவித்த முறையோடு, எந்த வீரருக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்ற உச்சவரம்பும் துணைநின்றது. 1961இல் அவ்வரம்பு நீக்கப்பட்டபின் பெருநகரக் கழகங்களின் பணபலம் ஓங்கியது. நெசவுத் தொழிலும் நலிந்தது. 1985இல் கழகம் லீக்கின் கடைசி அடுக்கான நான்காம் பிரிவுக்குச் சரிந்தது. 1987ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் ஓரியன்ட் அணியை 2-1 என வென்றதோடு, லிங்கன் அணி தன் ஆட்டத்தில் தோற்றதாலும் லீக்கிலிருந்தே வெளியேறாமல் தப்பிய பர்ன்லி, 2009இல் முதல்நிலைப் பிரிவுக்குத் திரும்பியது.