மலைநாட்டுத் தாதியரும் ஒரு மருத்துவ ஆய்வும்

2002ஆம் ஆண்டுவரை நேபாளத்தில் கருக்கலைப்பு ஏறத்தாழ எந்நிலையிலும் குற்றமாகவே இருந்தது. கருவைக் கலைத்த பெண்கள் சிறை சென்றார்கள். சிசுக்கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோரும் உளர். அவர்களுக்குக் கருவைத் தந்த ஆண்களைச் சட்டம் பெரும்பாலும் தேடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2002 செப்டம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. 12 வாரங்கள் வரையிலான கருவைப் பெண் தன் விருப்பின்பேரில் கலைக்கலாம் என்றாயிற்று. 2004 மார்ச்சில் காத்மாண்டு மகப்பேற்று வைத்தியசாலையில் சேவை ஆரம்பமானது. ஆனால் முதலில் அதற்கென அனுமதிக்கப்பட்டோர் வைத்தியர்களே; வைத்தியர்களோ நகரங்களில் இருந்தனர். மலைக்கிராமத்துப் பெண்ணுக்குச் சட்டம் கிடைத்தது, வைத்தியர் கிடைக்கவில்லை. எனவே தாதியரையும் இப்பணிக்குப் பயிற்றுவிக்கத் தொடங்கினர்.

தாதியரிடம் இதனை ஒப்படைப்பது பாதுகாப்பானதா? அப்போதிக்கரிமாரையும் மருத்துவிச்சிகளையும் நம்பி வாழ்ந்த எமது கிராமத்தவர்க்கு இக்கேள்வி விந்தையாகத் தோன்றலாம். எனினும் நம்பிக்கை வேறு, சான்று வேறு. உறிஞ்சல் முறைக் கருக்கலைப்புக் குறித்துத் தென்னாபிரிக்காவிலும் வியட்நாமிலும் நடந்த ஆய்வு 2006இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாகியிருந்தது. இரு தரப்பினரிடமும் சிக்கல்கள் மிகச் சொற்பமே என்றது அது. மாத்திரை முறைக்கான விடையை நேபாளமே தேடியது.

ஐந்து கிராமப்புற மாவட்ட வைத்தியசாலைகள் தெரிவாயின. ஒன்பது வாரத்துக்குட்பட்ட கருவுடைய பெண்கள் 1,077 பேர், எவ்விதத் தெரிவுமின்றி, ஒரு பகுதியினர் வைத்தியரிடமும் மறுபகுதியினர் தாதியர் அல்லது உதவித் தாதி-மருத்துவிச்சியரிடமும் அனுப்பப்பட்டனர். 2011இல் அதே 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. முழுமையாகக் கரு கலைந்தோர் வைத்தியர் தரப்பில் 96.1 வீதம், தாதியர் தரப்பில் 97.3 வீதம். பாரதூரமான சிக்கல் எவருக்கும் நேரவில்லை. தாதியர் விஞ்சிவிட்டனர் என இதனைக் கொள்ளலாகாது. அவ்வளவு சிறிய வேறுபாடு எதையும் நிறுவாது. வைத்தியருக்கு அவர்கள் குறைந்தவர்களல்லர் என்பதே பேறு. 2015இல் உலக சுகாதார நிறுவனமும் பயிற்சி பெற்ற தாதியரையும் மருத்துவிச்சியரையும் இப்பணிக்குப் பரிந்துரைத்தது.

ஆயினும் அந்த நேபாள ஆய்வில் ஒரு நிபந்தனை இருந்தது. வைத்தியசாலையிலிருந்து 90 நிமிடப் பயணத் தொலைவுக்குள் வசிக்கும் பெண்கள் மட்டுமே அதிற் சேர்க்கப்பட்டனர். அவசர நிலை கருதி அது நியாயமே. அத்தொலைவுக்கு அப்பாலும் நேபாளத்தில் ஏராளமான கிராமங்கள் உள்ளன.