படமும் எழுத்தும் தோட்டத்து வாசகனும்: ஊவாவில் சித்திரக்கதையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுந்தோர் நாவல், சிறுகதை, கவிதை என வகுத்து ஆராய்ந்துள்ளனர். நாடகத்துக்கும் நாட்டார் பாடலுக்கும் கூட ஓரளவு இடம் கிடைத்துள்ளது. ஆனால், லயத்திலே பிறந்து தோட்டப் பாடசாலையில் எழுத்துக்கூட்டக் கற்ற ஒரு பிள்ளை, எவரும் பணிக்காமல் தானே விரும்பிக் கையிலெடுத்த முதல் அச்சுப்பிரதி எது என்ற வினா அவ்வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. பெரும்பாலான வேளைகளில் அது நாவலன்று, பாடநூலுமன்று. அட்டை கழன்ற ஒரு படக்கதைப் புத்தகம். ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரையில் இவ்வினா வாசிப்பின் உளவியல் பற்றியது மாத்திரமன்று. அச்சுப்பொருள் யாருடைய கையினூடாக, எந்த வழியாக, என்ன விலைக்கு மலையேறியது என்ற பொருளியல் வினாவாகவும் அது அமைகின்றது.

புகையிரதப் பாதை 1924இல் பதுளையை வந்தடைந்து அங்கேயே முடிந்தது. அதற்கப்பால் பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களும், பசறையிலிருந்து வளைந்து இறங்கும் வீதியில் மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களும் கிடந்தன. பத்திரிகைக் கட்டு இரயிலில் வந்தது; எஞ்சிய தூரத்தைப் பஸ்ஸும் கால்நடையும் கடந்தன. நகரத்துப் புத்தகக்கடை என்று சொல்லப்பட்டதும் பெரும்பாலும் கொப்பி, பென்சில், பஞ்சாங்கம், சினிமாப் பாட்டுப்புத்தகம் ஆகியவற்றுக்கிடையே நாலைந்து சஞ்சிகைகளைக் கயிற்றிலே தொங்கவிட்ட கடையேயாகும். யாழ்ப்பாணத்திலே ஆர். ஆர். பூபாலசிங்கம் நடத்திய புத்தகசாலை போல, இடதுசாரிகளும் எழுத்தாளரும் மாலைதோறும் கூடி விவாதிக்கும் நிலையமாக ஒரு கடை இங்கு வளர்வதற்கான வர்க்க அடிப்படை இருக்கவில்லை. சம்பள நாளில் மாத்திரம் காசைக் காணும் மக்கள் நாள்தோறும் கடைக்கு வருவதெங்ஙனம்? மேலும், தோட்டம் தனியார் நிலம். உள்ளே யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைத் துரையே தீர்மானித்தார்.

இத்தடையை மீறி அச்சுப்பொருளைத் தொழிலாளரிடையே கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர் (1887–1947). அவர் புடைவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டறிந்த செய்தி பலரும் அறிந்ததே. அதனிலும் முக்கியமானது, அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் பாட்டைப் பிரசாரக் கருவியாக்கிய முறையாகும். பாடல்கள் சிறு பிரசுரங்களாக அச்சாகின. மீனாட்சியம்மை கூட்டங்களிலே பாடினார். வாங்கியவன் வாசிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒருவன் வாசிக்கப் பலர் கேட்டனர். புத்தகம் விற்கும் இடமே கூட்டம் நடக்கும் இடமாகவும் அமைந்தது. இன்று நகரத்துப் புத்தகசாலைகள் வாசகர் சந்திப்பு, நூல் அறிமுகம் என்று நடத்துபவற்றின் முன்னோடியை ஊவாவிலே தேடுவோமாயின், பிரட்டுக்களத்தையும் கோயில் முற்றத்தையும் சந்தை நாளையுமே சுட்டவேண்டும்.

இதற்குச் சமாந்தரமாக, அரசியல் நோக்கமற்ற இன்னொரு படநூல் மரபும் மலைக்கு வந்தது. சென்னையில் இரத்தின நாயக்கர் அன்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்களையே குறிப்பிடுகின்றோம். அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் கரடுமுரடான மரக்கட்டைப் படங்களோடு வெளிவந்தன. எழுத்துப் பெரிதாக இருந்தமைக்குக் காரணம் மங்கிய விளக்கொளியும் புதிதாக எழுத்தறிந்த கண்களுமே. படமோ எழுத்தறியாதவனுக்கும் கதையின் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. காமன்கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் ஆண்டுதோறும் ஆடிய சமூகத்துக்கு அப்படங்கள் அந்நியமாக இருந்திருக்க முடியாது. வேடங்கட்டிய உருவத்தை முன்பே கண்ட கண், அதையே தாளிலும் கண்டது.

மெக்சிக்கோவில் ஹொசே குவாதலூப்பே பொசாதா (1852–1913) என்ற செதுக்கோவியன், கதைப்பாடல்களோடு சேர்த்து மலிவுத் தாள்களில் விற்கப்பட்ட படங்களை ஆயிரக்கணக்கில் ஆக்கினான். அவன் வறுமையிலே இறந்தான். பின்னர் புரட்சிக்கால ஓவியர்கள் அவனைத் தமது ஆசானாகக் கொண்டாடினர். நம்முடைய பெரிய எழுத்துப் புத்தகங்களின் மரக்கட்டைகளைச் செதுக்கியவர்களுக்கு அந்தப் பிற்காலப் பேறும் கிட்டவில்லை. மெக்சிக்கோவில் மலிவுப்படக் கலைஞனைத் தேடிச் செல்லத்தக்க ஓர் அறிவாளர் இயக்கம் தோன்றியது. நமது முற்போக்கு இயக்கமோ படத்தைக் கண்டு முகம் சுளித்தது. இதனை நாம் சற்று விரிவாகவே பேசவேண்டியுள்ளது.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மூலக்கதை 1960களில் லண்டனிலே ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வாரத்தாளில் வந்தது. அதன் புகழ்பெற்ற ஓவியங்களை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெஸுஸ் பிளாஸ்கோ. அக்காலப் பிரித்தானியச் சிறுவர் தாள்கள் கலைஞர்களின் பெயரை அச்சிடும் வழக்கமுடையன அல்ல. ஸ்பானியக் கலைஞர்களின் உழைப்பு மலிவாகக் கிடைத்தமையால் லண்டன் நிறுவனங்கள் அதனை வாங்கின. ஊவாவிலே பறிக்கப்பட்ட கொழுந்து லண்டன் ஏலச் சந்தையில் விலைப்பட்டது. பார்சிலோனாவில் வரையப்பட்ட படமும் லண்டனில் விலைப்பட்டு, சிவகாசியில் தமிழாகி, பதுளைக் கடையின் கயிற்றிலே வந்து தொங்கியது. இரண்டிலும் உழைத்தவனின் பெயர் இல்லை. ஒரே சந்தையின் இரு முனைகள் இவ்வாறு ஒரு தோட்டத்துச் சிறுவனின் கையிலே சந்தித்தன.

மாயாவியின் கதையமைப்பையும் நோக்குவோம். மின்சாரம் பாய்ந்ததும் அவனுடைய உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மாத்திரமே கண்ணுக்குத் தெரியும். தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. செக்றோலிலே மனிதன் மறைந்து அவன் கையின் நிறுவை மாத்திரம் எஞ்சுகின்றது. பல லயங்கள் மின்சாரத்தையே நெடுங்காலம் கண்டதில்லை. அத்தகைய காம்பராவில் குப்பிவிளக்கொளியில் மாயாவியைப் படித்த பிள்ளை இவ்வொப்புமையை உணர்ந்திருக்கும் என்று நாம் வாதிடவில்லை. அது ஆய்வாளனின் மிகை வாசிப்பாகிவிடலாம். எனினும் எல்லோருடைய கண்ணிலிருந்தும் மறைந்து நினைத்த இடத்துக்குப் போகும் வல்லமை, தோட்ட எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டிய சமூகத்தின் பிள்ளைக்கு வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்குமா? இக்கட்டுரையாளன் சிறுவயதில் வாசித்த மாயாவிப் பிரதிக்கு அட்டையும் இல்லை, முதல் நான்கு பக்கங்களும் இல்லை. ஆசிரியரொருவர் அதனைப் பறித்துக் குப்பையிலிட, மறுநாள் அது வேறொருவன் பையில் இருந்தது.

முத்து காமிக்ஸ் தொடங்கிய காலம் இலங்கையில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலமாகும். 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் அந்நடவடிக்கை, முற்போக்கு எழுத்தாளர்கள் நெடுநாளாக வற்புறுத்திவந்த ஒன்றே. அதனால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகின; ஈழத்து நாவலுக்கு வாசகர் கிடைத்தனர். மலையக எழுத்து 1960களின் சிறுகதைப் போட்டிகளினூடாக வளர்ந்து, பரிசுக் கதைகளின் தொகுப்பான ‘கதைக்கனிகள்’ 1971இல் வெளிவந்திருந்தது. ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே 1934இல் பிறந்து, தான் பணியாற்றிய பதுளைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் 1974இல் வந்தது. நாவலாசிரியனுக்கு இந்த இடைவெளி வாய்ப்பாயிற்று.

சித்திரக்காரனுக்கு அது வாய்ப்பாகவில்லை. ஏன்? நாம் நச்சிலக்கியம் என ஒதுக்கியவற்றுள் படக்கதை முழுவதையும் சேர்த்துக்கொண்டோம். உள்ளடக்கத்தின் மீது வைத்த குற்றச்சாட்டை வடிவத்தின் மீதும் சுமத்தினோம். அதே காலத்தில், 1971இல், சிலி நாட்டிலே ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மத்தலாரும் டொனால்ட் வாத்தின் கதைகளில் ஏகாதிபத்தியக் கருத்தியல் உறைந்திருப்பதை நூலாகவே எழுதி வெளியிட்டனர். ஆனால் அவர்கள் படக்கதையை வரிவரியாக, கட்டங்கட்டமாக வாசித்த பின்னரே தாக்கினர். நமது விமர்சகர்கள் வாசியாமலே தாக்கினர். காட்டிலே கறுப்பின மக்களுக்குக் காவலனாக நின்ற வெள்ளை முகமூடி வீரனின் கதையைத் தோட்டத்துத் துரையின் உருவத்தோடு ஒப்பிட்டு ஒரு நல்ல விமர்சனம் அன்றே எழுந்திருக்கவேண்டும். அது எழாமல் போனது நமது மார்க்சியத்தின் குறைபாடே, படக்கதையின் குற்றமன்று.

இச்சூழலில் தனித்து நின்றவர் சிரித்திரன் ஆசிரியர் சி. சிவஞானசுந்தரம் (1924–1996). ‘சுந்தர்’ என்ற பெயரில் வரைந்த அவர், பம்பாயில் கட்டடக்கலை கற்கச் சென்று அங்கேயே கேலிச்சித்திரத்தில் ஈடுபட்டவர். தினகரனில் சவாரித்தம்பரை உலவவிட்ட பின்னர், 1960களின் முற்பகுதியில் கொழும்பிலே ‘சிரித்திரன்’ சஞ்சிகையைத் தொடங்கி, அதனைப் பின்னர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசென்றார். வரைந்தவரும் எழுதியவரும் ஆசிரியரும் வெளியீட்டாளரும் அவரே. சுயாதீனச் சித்திரக் கலைஞன் என்ற சொல்லுக்கு ஈழத்துத் தமிழிலே இவரைவிடச் சிறந்த உதாரணம் இல்லை எனலாம். தன் தூரிகையை எந்த முதலாளியிடமும் அடகு வைக்காத ஒருவர் மாதந்தோறும் கடதாசி விலையோடும் விற்பனையாளர் தரகோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்ததென்பது முதலாளித்துவச் சந்தையில் சுயாதீனம் என்பதன் உண்மைப் பொருளை விளக்கும். எனினும் அவருடைய புகழ்பெற்ற பாத்திரங்களான சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் மெயில்வாகனத்தாரும் யாழ்ப்பாணச் சமூகத்தின் மனிதர்கள். கொழுந்துக்கூடை சுமந்த பெண் அவ்வரிசையிலே இடம்பெறவில்லை. அதற்காக அவரைக் குறைகூறுவது பொருந்தாது. அவர் தாம் அறிந்த வாழ்வை வரைந்தார். அப்பெண்ணை அறிந்த கை ஊவாவில் இருந்தே வந்திருக்க வேண்டும்.

அவ்வாறான கைகள் ஊவாவில் இல்லாதிருக்கவில்லை. மாரியம்மன் கோயிற் சுவரிலும் தேரிலும் காமன் பொட்டலிலும் அவை வேலை செய்தன. அவற்றை அச்சோடு இணைப்பதற்கான நிறுவனமே இருக்கவில்லை. அக்காலத்தில் அச்சுப் பாளம் வார்ப்பிக்கக் கொழும்புக்கோ கண்டிக்கோ செல்லவேண்டும். எழுத்தைவிடப் படத்துக்குச் செலவு அதிகம். ஒரு கவிஞன் தன் பாடலைக் கையெழுத்துப் பிரதியாகவே நண்பரிடம் கொடுக்கலாம். பின்னாளில் கல்லச்சிலோ றோணியோவிலோ பெருக்கலாம். மேலும், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்குவதென்றும் விதித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. எந்த நாட்டிலே வாழப்போகின்றோம் என்பதே தெரியாத ஒரு வாசகர் கூட்டத்தை நம்பி எவன் பத்திரிகை தொடங்குவான்? இறக்குமதிக் கட்டுப்பாடு 1977இன் பின்னர் தளர்ந்து, 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தமிழ்நாட்டில் தோன்றியபோது, அப்புத்தகங்களை விற்றிருக்கக்கூடிய கடைகள் பல இல்லாமற் போயிருந்தன. 1981 யூனில் யாழ்ப்பாணத்துப் பூபாலசிங்கம் புத்தகசாலை பொதுநூலகத்தோடு எரியுண்டது. 1983 யூலை 27ஆந் திகதி பதுளை நகரின் தமிழ்க் கடைகள் எரிக்கப்பட்டன. தீ ஹாலிஎலவுக்கும் பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் பரவியது. புத்தகக்கடையின் வரலாற்றை வாசிப்பின் வரலாறாக மாத்திரம் எழுத முடியாமைக்கு இதுவே காரணம்.

கடை இல்லாத இடத்தில் நூல் வெளியீட்டு விழா அதன் தொழிலைச் செய்தது. ஈழத்து வழக்கிலே முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் பெற்றுக்கொள்வார். அதனைத் தொடர்ந்து சிறப்புப் பிரதிகள் வழங்கப்படும். நூலின் விலை என்னவென்று அன்று யாரும் பார்ப்பதில்லை. உறைக்குள் வைத்துக் கொடுக்கப்படுவதே அச்சகக் கடனை அடைக்கும். இது நிலமானிய காலப் புரவலர் முறையின் எச்சம் எனச் சிலர் எள்ளுவர். எள்ளல் நியாயமே. ஆயினும் விநியோகச் சந்தை எட்டாத பிரதேசத்தில் எழுத்தாளன் வகுத்துக்கொண்ட ஒரு கூட்டுறவு முறையாகவும் அதனைக் காணவேண்டும். மல்லிகை ஆசிரியர் டொமினிக் ஜீவா தம் இதழைத் தாமே சுமந்து விற்றதும், அந்தனி ஜீவா 1980இல் வீதிநாடகத்தை மலையகத்துக்குக் கொண்டுவந்து பின்னர் ‘கொழுந்து’ இதழையும் நடத்தியதும் இவ்வகை முயற்சிகளே. வீதிநாடகம் மண்டபத்தை நம்பவில்லை. படக்கதையும் அவ்வாறு லயத்து வாசலுக்கு வந்திருக்கக்கூடிய வடிவமே.

மொனராகலையின் நிலை இன்னும் வேறானது. இம்மாவட்டத்தில் தமிழர் மிகச் சிறுபான்மையினர். தமிழ்ப் பாடசாலை எட்டாத தோட்டங்களின் பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குச் சென்றனர். சிங்களத்திலோ, 1951இல் லங்காதீபவில் ஜி. எஸ். பெர்னாண்டோவின் ‘நீலா’ தொடங்கியதிலிருந்து ஒரு வலுவான சித்திரக்கதை மரபு வளர்ந்தது. 1970களில் சித்திரக்கதைக்கென்றே வாரத்தாள்கள் வந்தன. கமிலஸ் பெரேராவின் கஜமன் நாடெங்கும் அறியப்பட்ட பாத்திரமானான். தமிழில் நாம் புறக்கணித்த வடிவம் அங்கே தன் மண்ணின் ஓவியர்களைப் பெற்றெடுத்தது. மொனராகலைத் தோட்டத்துப் பிள்ளைக்குச் சிங்கள எழுத்தைப் பழக்கியவற்றுள் பாடநூலோடு அத்தாள்களும் இருந்தன என்பதை முதியவர்களோடு பேசுவோர் எளிதில் அறிவர். இதனை மொழியிழப்பு என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடுவது இலகு. ஆனால் இரு மொழிகளில் படம் பார்த்த அப்பிள்ளை எந்த மொழியில் சிரித்தது என்று கேட்பதே ஆய்வாளனின் கடமை.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்தின் பயனாகச் சிரித்திரன் இதழ்களை இன்று எவரும் பார்க்கலாம். தோட்டங்களில் கைமாறிய பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கும் படக்கதைகளுக்கும் அவ்வாறான பாதுகாப்பு இல்லை. அவை வாசித்தே தேய்க்கப்பட்டவை. பசறை வீதியில் பழைய கடதாசி வாங்கும் கடைகளின் கட்டுகளுக்குள்ளே ஒருகால் சில பக்கங்கள் இருக்கலாம். பருப்பும் சீனியும் சுற்றுவதற்கு முன் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்கு யாராவது ஒருவர் சம்பள நாளில் அங்கே போய் நிற்கவேண்டும்.