கடைகளுக்குப் பின்னால் நம் முற்றங்கள்

தேக்காவில் சாமான் வாங்க டன்லப் ஸ்திரீட் வழியே எத்தனை முறை நடந்திருப்போம்! தொழுகை நேரமானால் அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்குள் நுழைவோம். சலாம் கொடுத்ததும் வெளியேறிவிடுவோம். பொன்விழாவை முன்னிட்டுக் குடும்பங்களோடு போனபோதுதான் நின்று பார்த்தோம்.

1859-இல் அங்கே இருந்தது மரப்பள்ளி. தென்னிந்திய வணிகர்களும், அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடலில் வேலை பார்த்த பாவியான் தீவுக் குதிரைக்காரர்களும் அதில் தொழுதார்கள். ஷேக் அப்துல் கஃபூர் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் தலைமை எழுத்தர், பெருஞ்செல்வர் அல்லர். பள்ளியின் நிலத்தில் கடைவீடுகளைக் கட்டி, அந்த வருமானத்தைச் சேர்த்துத்தான் 1907-இல் கல் கட்டடத்தைத் தொடங்கினார்கள். கடைகள் பள்ளியை மறைக்கின்றனவே என்று குறைப்பட்டிருக்கிறோம். கடை வாடகை இல்லையென்றால் பள்ளியே எழும்பியிருக்காது!

வாசலுக்கு மேலே சூரியனைப் போன்ற வேலைப்பாடு. அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் பெயர்கள் அரபி எழுத்தில் உள்ளன. பிள்ளைகள் எண்ணினார்கள், இரண்டு முறையும் 24 என்றே வந்தது.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமிஆ பள்ளிக்குப் போனோம். 1826-இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவியது. அதன் வாசல் சாலைக்கு நேராக நிற்கிறது. உள்ளே தொழுகைக் கூடம் மட்டும் கிப்லாவை நோக்கிச் சாய்ந்து திரும்பியிருக்கிறது. தெருவில் நின்றால் புரியாது, முற்றத்துக்குள் வந்தால்தான் தெரியும்.

கடைசியாகத் தெலோக் ஆயர் ஸ்திரீட். இன்று நாலாபுறமும் அடுக்குமாடிகள். நாகூர் தர்காவை 1828-30-இல் கட்டியபோது எதிரே கடல். பிறகு கடலைத் தூர்த்துச் சாலைகள் போட்டார்கள். கப்பலில் வந்திறங்கிய நம்மவர்கள் கரையேறியதும் கண்ட இடம் அது.

அதே தெருவில் அல்-அப்ரார் பள்ளி, 1827-இல் ஓலைக்குடிசையாகத் தொடங்கியது. ஜாமிஆ பள்ளி, நாகூர் தர்கா, இது மூன்றும் 1974 முதல் தேசிய நினைவுச்சின்னங்கள். நம் பெரியவர்களுக்கு அல்-அப்ரார் என்றால் தெரியாது, ‘குச்சுப் பள்ளி’தான்.

“குச்சுன்னா என்ன அத்தா? மலாயில கெச்சில்னு சொல்றோமே, சின்னது, அதுவா?” என்று ஒரு பையன் கேட்டான். அத்தாவுக்குத் தெரியவில்லை. எங்களில் பலருக்கும் தெரியவில்லை. பின்னால் மெதுவாக வந்த பெரியவர் ஒருவர்தான் சொன்னார்:

“நம்ம தமிழ்தான் தம்பி. குச்சுன்னா குடிசை. ஊர்ல நான் பொறந்த வீடும் குச்சுதான்.”