வவுச்சர் இல்லாத தீர்ப்புகள்

ஆடிட்டிங் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லித் தருவது வவுச்சிங். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதே, அதற்கான ரசீதை எடுத்துப் பார். அவ்வளவுதான் விஷயம். பரீட்சைக்குப் படிக்கும்போது கொட்டாவி வரும் பாடம் இது :-) ஆனால் வக்கீல் நிறுவனங்களுக்குள் ஏஐ நுழைந்த கதையைப் படித்தபோது, அந்த வரலாறு முழுக்க இந்த ஒரு பாடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு. கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கிறது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அங்கே (நம் ஊரிலும்தான்) ஒரு வக்கீல் வாதாடும்போது பழைய தீர்ப்புகளை மேற்கோள் காட்டுவார். அப்போது இரண்டு கேள்விகள் வரும். அந்தத் தீர்ப்பு உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால் இன்னும் செல்லுமா, இல்லை பின்னால் வந்த வேறு தீர்ப்பு அதை ரத்து செய்துவிட்டதா? அச்சடித்த புத்தகத்துக்குப் பின்னால் நடந்தது தெரியாதே!

1873-ல் சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்குகள் குறிப்பிட்டன என்று பட்டியல் போட்டு, பசை தடவிய சீட்டுகளாக அச்சடித்து விற்றார். வக்கீல்கள் அதைத் தீர்ப்புப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு அது தனிப் புத்தகமாகவே வளர்ந்தது. தீர்ப்பைச் சரிபார்ப்பதற்கு 'ஷெப்பர்டைஸ்' செய்வது என்றே பெயர் வந்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், இது வக்கீல்களின் வவுச்சிங்.

சரியாக நூறு வருஷம் கழித்து, 1973-ல், லெக்சிஸ் வந்தது. ஒஹையோ வக்கீல் சங்கத்துக்காகத் தொடங்கிய ஒரு கம்ப்யூட்டர் திட்டத்திலிருந்து முளைத்தது இது. வெளியிட்ட நிறுவனம் ஒரு காகிதக் கம்பெனியின் துணை நிறுவனம் என்பது வேடிக்கை. வக்கீல் அலுவலகத்தில் தனியாக ஒரு டெர்மினல் வைத்து, தொலைபேசி இணைப்பு வழியாகத் தீர்ப்புகளின் முழு வாசகத்தையும் தேடலாம். 1975-ல் போட்டியாக வெஸ்ட்லா வந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த இயந்திரங்கள் தேடித் தந்தன, ஆனால் தீர்ப்பை எழுதவில்லை. திரையில் வந்தது எங்கோ ஒரு நீதிமன்றம் நிஜமாகவே எழுதியது.

அடுத்த கட்டம் 2012. பெரிய வழக்குகளில் எதிர்த்தரப்பு கேட்கும் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். மின்னஞ்சல் காலத்தில் அது லட்சக்கணக்கில் போய்விடும். நியூயார்க்கில் டா சில்வா மூர் எதிர் பப்ளிசிஸ் குரூப் என்ற வழக்கில் சுமார் 30 லட்சம் மின்னஞ்சல்கள். ஜூனியர்களை உட்கார வைத்துப் படித்தால் எத்தனை மாதம் ஆகும், கட்டணம் எவ்வளவு ஆகும்? அனுபவமுள்ள வக்கீல்கள் கொஞ்சம் ஆவணங்களைத் தரம் பிரித்துக் காட்ட, மென்பொருள் அதைக் கற்றுக்கொண்டு மீதியைப் பிரிக்கும் முறைக்கு நீதிபதி ஆண்ட்ரூ பெக் அனுமதி கொடுத்தார். ஒரு நீதிமன்றம் இதை வெளிப்படையாக ஏற்றது அப்போதுதான். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. 2,399 ஆவணங்களைத் தற்செயல் மாதிரியாக எடுத்து மனிதர்கள் பார்ப்பது அந்த முறையில் ஒரு பகுதி. நம் பாஷையில் டெஸ்ட் செக்கிங்!

இப்போது 2023. பிப்ரவரி மாதம், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆலன் அண்ட் ஓவரி நிறுவனம் ஹார்வி என்ற ஏஐ கருவியைத் தன் அலுவலகங்களுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. அதற்கு முன் சில மாதங்கள் சோதனை நடந்திருந்தது. அதில் பங்கெடுத்தவர்கள் 3,500 வக்கீல்கள். கருவி எழுதித் தருவதை வக்கீல் கவனமாகச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

சுமார் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மார்ச் 1-ம் தேதி நியூயார்க்கில் ஒரு மனு தாக்கலானது. அவியாங்கா விமானத்தில் உணவு வண்டி மோதி முழங்காலில் அடிபட்ட பயணி ஒருவரின் வழக்கு. டா சில்வா மூர் வழக்கை விசாரித்த அதே மாவட்ட நீதிமன்றம்தான். மனுவில் 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்' உட்பட பல தீர்ப்புகள் மேற்கோள். அவற்றில் சில எந்த நீதிமன்றமும் எழுதாதவை. சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கியவை.

அந்த அலுவலகத்தில் லெக்சிஸ், வெஸ்ட்லா சந்தா கிடையாது. இருந்த வேறொரு சேவையில் வர்கீஸ் தீர்ப்பைத் தேடியும் கிடைக்கவில்லை. சந்தேகப்பட்ட வக்கீல் என்ன செய்தார் தெரியுமா? தீர்ப்புகள் உண்மையா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார்! அது உண்மைதான் என்றது. கேஷ் புக் சரியா என்று காஷியரையே கேட்டுக் கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் மாதிரி. ஜூன் மாதம் நீதிபதி கெவின் காஸ்டெல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஏஐ உதவியைப் பெறுவது தவறில்லை, சரிபார்க்கும் பொறுப்பு வக்கீலுடையது என்பதையும் தெளிவாக்கினார். 1873-ன் பசைச் சீட்டுக் காலத்துச் சோதனையே இந்தத் தவறைப் பிடித்திருக்கும் என்பதுதான் கொடுமை.

சரி, இவ்வளவு சுலபமான சோதனை ஏன் விட்டுப்போகிறது? சோம்பேறித்தனம் என்று முடித்துவிடலாம். எனக்கு அது பாதிக் காரணம்தான் என்று படுகிறது. மீதிப் பாதி பணம். அமெரிக்க வக்கீல்கள் நேரக் கணக்கு எழுத வேண்டும் என்று அவர்கள் சங்கமே 1958-ல் ஒரு சிறு நூல் போட்டு வலியுறுத்தியது. 1975-ல் வக்கீல் சங்கங்களின் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மணிக்கணக்குக் கட்டணமே வழக்கமாகிவிட்டது. அதாவது வக்கீல் நிறுவனம் விற்கும் சரக்கு மணி நேரம். பத்து மணி நேர வேலையை ஏஐ அரை மணியில் முடித்தால், அதைச் சரிபார்க்க ஆகும் இரண்டு மணிக்கு யார் காசு கொடுப்பது? 'இயந்திரம்தானே செய்தது' என்பார் கட்சிக்காரர். நிறுவனம் பில் போட முடியாத நேரத்தைக் குறைக்கப் பார்க்கும். முதலில் வெட்டுப்படுவது வவுச்சிங்தான்.

2024 ஜூலையில் அமெரிக்க வக்கீல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கினால் உண்மையில் செலவழித்த நேரத்துக்கு மட்டுமே பில் போட வேண்டும் என்கிறது. கருவியின் வேலையைச் சரிபார்க்கும் கடமையும் வக்கீலுக்கு உண்டு என்கிறது. இரண்டும் நியாயம்தான். ஆக, சரிபார்த்த நேரத்தை மறைக்காமல் பில்லில் தனி வரியாகக் காட்டி, அதன் மதிப்பைக் கட்சிக்காரருக்குப் புரிய வைப்பதுதான் நிறுவனங்களுக்கு முன்னால் இருக்கும் நேர்மையான வழி. கருவி வாங்குவதை விட இது கஷ்டமான வேலை.

நாளைக்கு நம்மில் பலர் போகப்போகும் ஆடிட் அலுவலகங்களுக்கும் இதே கேள்வி வரும். அப்போது இந்த வர்கீஸ் வழக்கை மறந்துவிடாதீர்கள். நடக்காத வழக்குதான், இருந்தாலும் நல்ல பாடம் :-)