வரட்சியும் காய்ச்சலும் பசியும்: 1934-35 மலேரியாக் கொள்ளைநோயும் கிராமிய மீட்சியும்

இயற்கை அனர்த்தமொன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் அவ்வனர்த்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதனை வரையறுப்பதிலேயே முதலில் இடர்ப்படுவர். புயலுக்கும் வெள்ளத்துக்கும் நாளும் நாழிகையும் உண்டு. ஆனால் அவற்றினால் வீழ்த்தப்பட்ட மக்கள் உடலாலும் உள்ளத்தாலும் தொழிலாலும் மீண்டெழுவதற்கு எடுத்த காலத்தை எந்த வானிலைப் பதிவேடும் குறித்து வைப்பதில்லை. இறந்தோர் தொகை அறிக்கைகளில் இடம்பெறுகின்றது. எஞ்சியோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விடுகின்றது.

இலங்கையின் அண்மைக்கால வரலாற்றிலே இவ்வுண்மையைத் தெளிவாகப் புலப்படுத்துவது 1934ஆம் ஆண்டின் வரட்சியும் அதனைத் தொடர்ந்த மலேரியாக் கொள்ளைநோயுமாகும். சுமார் 53 இலட்சம் மக்கள் வாழ்ந்த இந்நாட்டிலே ஏறக்குறைய 80,000 பேரின் உயிரை அந்நோய் கவர்ந்தது. இவ்வழிவுக்கு இயற்கை எவ்வளவு பொறுப்பு, சமூகம் எவ்வளவு பொறுப்பு என்பதையும், அதிலிருந்து கிராமிய மக்கள் மீண்ட முறை பிற்காலச் சுகாதாரக் கொள்கையை எவ்வாறு பாதித்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மழை பொய்த்த ஆண்டு

மலேரியா இலங்கைக்குப் புதிய நோயன்று. உலர் வலயத்தின் குளக்கரைக் கிராமங்களிலே அது தலைமுறை தலைமுறையாக நிலைகொண்டிருந்தது. அங்கு வாழ்ந்தோர் இளமையிலிருந்தே அந்நோய்க்கு ஆளாகி, உயிர் தப்பியோர் ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெற்றிருந்தனர். தென்மேற்கின் ஈர வலயமும் அதனை அடுத்த இடை வலயமும் இத்தன்மையன அல்ல. இப்பகுதிகளில் ஓடும் ஆறுகள் தென்மேற்குப் பருவப் பெயர்ச்சிக் காற்றின் மழையினால் ஆண்டின் பெரும்பகுதியிலே பெருக்கெடுத்துப் பாய்வன. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு தெளிந்து தேங்கிய நீரிலே முட்டையிடுவது. ஓடும் வெள்ளம் அதன் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். ஆதலால் மழையே இம்மக்களுக்குக் காவலாக அமைந்திருந்தது.

1934இல் தென்மேற்குப் பருவ மழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை முதலிய ஆறுகளும் அவற்றின் கிளைகளும் வற்றி, மணற்படுகைகளிலும் பாறை இடுக்குகளிலும் எண்ணற்ற சிறு குட்டைகளாயின. அக்குட்டைகள் ஒவ்வொன்றும் நுளம்பின் விளைநிலமாயிற்று. ஒக்டோபர் மாதமளவிலே தொடங்கிய காய்ச்சல் டிசெம்பரிலும் 1935 சனவரியிலும் உச்சத்தை எய்தியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டன. சுமார் 15 இலட்சம் பேர் நோயுற்றனர் என மதிப்பிடப்பட்டது. 1935இல் இலங்கையின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 36.6 ஆகவும், சிசு மரண வீதம் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 263 ஆகவும் உயர்ந்தன. பிறந்த நான்கு குழந்தைகளுள் ஒன்றுக்கு மேல் ஓராண்டு நிறையுமுன்னரே மடிந்தது என்பதே இவ்வெண்ணின் பொருளாகும்.

2. காய்ச்சலும் பசியும்

இதுவரை கூறியவை இயற்கையின் பாற்படுவன. ஆயினும், மழை பொய்த்த வேளையில் இம்மக்கள் எந்நிலையில் இருந்தனர் என்னும் வினாவை இயற்கையியல் விளக்கம் தொடுவதில்லை.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இலங்கையின் பெருந்தோட்டத் துறையை வெகுவாகப் பாதித்தது. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களின் விலைகள் வீழ்ந்தன. கேகாலை இறப்பர் விளையும் பகுதி. குருநாகல் தெங்கு விளையும் பகுதி. இங்குள்ள சிங்களக் குடியானவர் தம் சிறு வயலை மாத்திரம் நம்பி வாழ்ந்தவரல்லர். அயலிலிருந்த தோட்டங்களிலே கிடைத்த கூலியும் தம் வளவிலே விளைந்த தேங்காயின் விலையுமே அவர்களுடைய அடுப்பை எரியச் செய்தன. தோட்டத்திலே வேலை குறைந்ததும் கூலி நின்றது, விலை வீழ்ந்ததும் தேங்காய் பயன்படாதாயிற்று, கடன் வளர்ந்தது. வரட்சி வந்தபோது வயலும் கைவிட்டது. இவ்வாறு ஏற்கெனவே வயிறு வற்றிய ஒரு சமூகத்தின் மீதே காய்ச்சல் வந்து இறங்கியது.

பசி மலேரியாவை உண்டாக்கவில்லை. அதனை உண்டாக்கியது ஒட்டுண்ணி. அதனைப் பரப்பியது நுளம்பு. ஆனால், நோய்ப்பட்டவர் மீண்டும் எழுவாரா என்பதைத் தீர்மானிப்பதிலே பசிக்குப் பெரும் பங்கு இருந்தது. மலேரியா குருதியை உண்ணும் நோய். காய்ச்சல் தணிந்த பின்னரும் உடல் வெளிறிச் சோர்ந்து கிடக்கும்; சில வாரங்கள் கழித்து நோய் திரும்பவும் வரும். வீட்டிலே அனைவரும் ஒரே காலத்திற் படுக்கையில் வீழ்ந்தமையால் நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாரும் இலர், விதைப்பாரும் இலர், அறுப்பாரும் இலர். ஒரு போகம் தவறியதும் அடுத்த போகத்துக்கான விதைநெல்லும் இல்லாதொழிந்தது. ஆகவே நோயினால் வறுமையும் வறுமையினால் நோயும் ஒன்றையொன்று பெருக்கின.

மருந்தின் கதையிலேயும் குடியேற்றப் பொருளாதாரத்தின் முரண்பாடு வெளிப்படுகின்றது. மலேரியாவுக்கு அன்று வழங்கிய முதன்மையான மருந்து கொயினா. அது சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படுவது. அம்மரத்தை வளர்ப்பதற்கென்றே 1861இல் ஹக்கல தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டது. கோப்பிப் பயிர் நோயினால் அழிந்தபின் தோட்டத்துரைமார் சிங்கோனாவைப் பேரளவிலே பயிரிட்டனர். 1880களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. பின்னர் மிகையுற்பத்தியாலும் யாவாவின் போட்டியாலும் விலை சரியவே, அம்மரங்கள் அகற்றப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழிந்து கேகாலையிலே மக்கள் மடிந்தபோது கொயினாவை வெளியிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. மரத்தை நட்டதும் வெட்டியதும் சந்தையே. அம்மண்ணில் வாழ்ந்தோரின் தேவை அக்கணக்கிலே எப்போதும் இடம்பெற்றதில்லை.

3. பூவரசம் பூவும் பருப்பும்

குடியேற்ற அரசாங்கம் கைகட்டி நின்றது எனக் கூறுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. வைத்திய சுகாதாரப் பகுதியின் பணிப்பாளராயிருந்த பிரியர்கிளிவ் தலைமையிலே தற்காலிக வைத்தியசாலைகளும் சிகிச்சை நிலையங்களும் திறக்கப்பட்டன. கொயினா பேரளவில் விநியோகிக்கப்பட்டது. நிவாரண வேலைகளும் தொடங்கப்பட்டன. எனினும், கிராமங்களுக்கு அண்மையில் நிரந்தரமான வைத்திய வசதி அரிதாகவே இருந்தமையால், நடக்க வலுவற்றோர் மருந்துள்ள இடத்தை அடைய முடியாதிருந்தனர். 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டிருந்தும் அம்முறை நாடெங்கும் விரிவடைந்திருக்கவில்லை.

இவ்விடைவெளியிலேதான் சூரியமல் இயக்கத்தினர் களத்தில் இறங்கினர். சூரியமல் என்பது நாம் பூவரசம் பூ என அறியும் மலரே. முதலாம் உலகப் போரின் நினைவாக நவம்பர் 11ஆந் திகதி விற்கப்பட்ட பொப்பி மலரின் வருவாய் பெரும்பாலும் பிரித்தானியாவுக்கே சென்றமையை எதிர்த்து, உள்ளூர் மலரை விற்கும் இயக்கமாக இது தோன்றியது. 1933இல் தென்கொழும்பு வாலிபர் கழகத்தினர் இதற்குப் புத்துயிரளித்தனர். டொரீன் யங் அம்மையார் இதன் தலைவியானார். பிலிப் குணவர்த்தன, என். எம். பெரேரா, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோர் இதனைச் சார்ந்து நின்றனர்.

நோய் பரவிய கிராமங்களுக்குச் சென்ற இவ்விளைஞர் மருந்தை மாத்திரம் கொண்டு செல்வது பயனற்றது என்பதை விரைவிலேயே உணர்ந்தனர். அவர்கள் கண்டது பசியை. ஆதலால் மருந்தோடு உலர் உணவையும் பகிர்ந்தளித்தனர். ஊட்டக்குறைவைப் போக்க மாமைற் என்னும் நொதிச்சாற்றை உருண்டைகளாக்கிக் கொடுத்தனர். என். எம். பெரேராவுக்குக் கிராமத்தவர் இட்ட பெயர் 'பருப்பு மாத்தயா' என்பதாகும். இலண்டனிலே ஹரோல்ட் லாஸ்கியின் கீழ் அரசியல் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவரை அம்மக்கள் அவருடைய பட்டத்தினாலன்றி அவர் கொணர்ந்த பருப்பினாலேயே நினைவிற் கொண்டனர் என்பது சிந்திக்கற்பாலது.

4. கொடையும் உரிமையும்

முற்போக்காளர் இவ்வத்தியாயத்தைப் பெருமையோடு நினைவுகூர்வது இயல்பே. எனினும் அப்பெருமை ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாகாது. ஒரு சில பத்துத் தொண்டர்களால் 15 இலட்சம் நோயாளரைக் காப்பாற்றியிருக்க முடியாது. பருப்பைப் பகிர்ந்தளித்தல் தன்னளவிலே ஒரு கொடையே. தேவாலயங்களும் தனவந்தரும் செய்ததும் அதுவே. வேறுபாடு கொடுத்த பொருளில் இல்லை. கொடுத்தபின் எழுப்பிய வினாவிலேயே உள்ளது. நோயுற்ற குடியானவர் ஏன் பசித்திருந்தார், அவர் வீட்டுக்கு அண்மையில் ஏன் மருந்துச்சாலை இல்லை என்னும் வினாக்களை அவர்கள் கிராமத்திலும் எழுப்பினர், மேடையிலும் எழுப்பினர்.

அவ்வினாவுக்கு வலுவூட்டியது 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ்க் கிடைத்த சர்வசன வாக்குரிமையாகும். 1935 டிசெம்பரிலே லங்கா சமசமாசக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலிலே பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் என். எம். பெரேரா ருவன்வெல்லவிலும் வெற்றி பெற்றனர். இரண்டும் நோயின் கொடுமையை அறிந்த பகுதிகள். இனிமேல் எக்கட்சியினராயினும் கிராமத்துக்கு வைத்தியசாலை தருவோம் எனக் கூறாமல் வாக்குக் கேட்க முடியாத நிலை உருவாயிற்று. தொடர்ந்த ஆண்டுகளிலே கிராமிய வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் பெருகின. 1942 முதல் உணவுப் பங்கீடு வந்தது. 1950களின் தொடக்கத்திலே அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. இவையனைத்தும் கொள்ளைநோய் ஒன்றினாலேயே விளைந்தன என்பது மிகையாகும். ஆனால் அந்நோயின் நினைவும் வாக்குரிமையும் இணைந்தமையே இவற்றுக்கு உந்துதலளித்தது எனலாம்.

1946இல் டி.டி.ரி. தெளிப்பு தொடங்கியபின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 20 என்ற அளவிலிருந்து ஒரே ஆண்டில் 14 அளவுக்கு வீழ்ந்தது. இது நச்சு மருந்தின் வெற்றியே எனப் பலரும் உலகெங்கும் எடுத்துக்காட்டினர். எஸ். ஏ. மீகம போன்ற குடித்தொகை ஆய்வாளர் இக்கருத்தை மறுத்துரைத்தனர். கொள்ளைநோய்க்கு முந்திய 1930இலேயே 175 ஆக இருந்த சிசு மரண வீதம் 1946இல் 141 ஆகக் குறைந்திருந்தது என்பதை நோக்கின், தெளிப்பின் பயன் வருமுன்னரே மாற்றம் தொடங்கிவிட்டமை புலனாகும். மருந்தா, உணவா என 1935இல் எழுந்த விவாதமே புள்ளிவிவர வடிவிலே மீண்டும் எழுந்தது.

5. உரிமை எல்லையிட்ட இடம்

வாக்கினாலே வென்ற சுகாதார உரிமை, வாக்கில்லாதோரை என் செய்தது? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பான்மையோரின் வாக்குரிமையைப் பறித்தன. கிராமத்துக்கு இலவச வைத்தியம் விரிந்த அதே ஆண்டுகளிலே தோட்டத்து மருத்துவம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1970களின் முற்பகுதியில் மீண்டும் வரட்சியும் உலக உணவு விலையேற்றமும் பங்கீட்டுக் குறைப்பும் ஒருங்கே வந்தபோது, 1974இல் தோட்டப்புறங்களிலே இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. 1934இல் கேகாலைக் குடியானவர் நின்ற இடத்திலே நாற்பது ஆண்டுகளின்பின் தோட்டத் தொழிலாளர் நின்றனர். அவர்களுக்காக வினா எழுப்ப வேண்டிய அரசாங்கத்திலே அன்று சமசமாசக் கட்சியும் பங்காளியாக இருந்தது, என். எம். பெரேராவே நிதி அமைச்சர். பருப்பைப் பகிர்ந்தவர் வரவு செலவுத் திட்டம் வகுத்த காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

மறதிக்கும் விலை உண்டு. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரே மலேரியாவால் பீடிக்கப்பட்டிருந்தனர். கண்காணிப்புத் தளர்ந்ததும் அதே தசாப்தம் முடியுமுன் ஓராண்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நீண்ட உழைப்பின் பின்னரே, 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடற்கோள் 30,000க்கு மேற்பட்டோரைக் காவுகொண்டபோது, அதன்பின் பெருங் கொள்ளைநோய் தொடரும் என்ற அச்சம் எங்கும் நிலவியது. அது தொடரவில்லை. முகாந்தோறும் சென்ற குடும்ப சுகாதார உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒரு நாளிலே தோன்றியவரல்லர். அவர்களை உருவாக்கிய அமைப்பு பல தசாப்தங்களாக வளர்ந்தது.

ஆகவே அனர்த்தத்தின் பின்னான மீட்சி அனர்த்தத்துக்கு முன்னரே தொடங்குகின்றது. கூலியும் உணவும் அண்மையிலே ஒரு மருந்துச்சாலையும் குரலெழுப்ப ஒரு வாக்கும் உடையோர் எழுந்திருப்பர். இவற்றை இழந்தோர்க்கு நிவாரணம் வந்தாலும் அது பிந்தியே வரும். மழை எவரையும் பிரித்துப் பார்த்துப் பொய்ப்பதில்லை. பிரித்துப் பார்ப்பது நாமே. இதனை நினைவிற் கொள்ளாது 1935இன் தொண்டரைப் போற்றுவதும் கேகாலையில் மடிந்தோர்க்கு இரங்குவதும் வெறுஞ் சடங்காகவே முடியும்.