வணிகத்தில் பெண் தலைமையும் சூழல் பொறுப்பும்: பாடி ஷாப், சேவா அனுபவங்களை முன்வைத்து

இயக்குநர் குழுவில் பெண்கள் கூடுதலாக இடம்பெற்றால் நிறுவனம் சூழலையும் தொழிலாளரையும் கூடுதலாகக் கருதும் என்ற எதிர்பார்ப்பு, வணிக நிர்வாகம் பற்றிய விவாதங்களில் இன்று ஏறக்குறைய ஐயமின்றி ஏற்கப்படுகிறது. நார்வே 2003இல் இயற்றிய சட்டம், பொதுப் பங்கு நிறுவனங்களின் குழுக்களில் இரு பாலரும் குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும் என்றது. 2008 முதல் அது கண்டிப்பாகச் செயல்படுத்தப்பட்டது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என விதித்தது. நிறுவன உரிமையாளரின் மனைவியோ மகளோ அந்த இடத்தை நிரப்பிவிடுவது பரவலானதால், பெரிய நிறுவனங்களில் அப்பெண் சுயேச்சை இயக்குநராகவே இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி பின்னர் திருத்தியது. அத்திருத்தம் 2019இல் முதல் 500 நிறுவனங்களுக்கும் 2020இல் முதல் 1,000 நிறுவனங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது.

இந்த எதிர்பார்ப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒட்டுறவை மட்டுமே நிறுவுகின்றன. பெண் இயக்குநர் மிகுந்த நிறுவனங்கள் சூழல் அறிக்கைகளையும் விரிவாக வெளியிடுகின்றன என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அளவில் பெரியதாகவும் பொதுமக்களின் பார்வையில் படுவதாகவும் உள்ள நிறுவனமே இரண்டையும் செய்கிறது என்ற விளக்கமும் அதே தரவுக்குப் பொருந்தும். காரண காரியத்தை நெருங்கிச் செல்லும் ஆய்வுகள் சிலவே. அவற்றில் ஒன்று, மட்சா, மில்லர் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் நார்வேச் சட்டத்தின் விளைவை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. ஒதுக்கீட்டுக்கு உட்பட்ட நிறுவனங்கள், உட்படாதவற்றைவிடக் குறைவாகவே ஆட்குறைப்புச் செய்தன என்று அது கண்டது. இலாபம் குறுகிய காலத்தில் குறைந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்கிறது. அந்த இழப்பைப் பங்குதாரர்கள் எத்தனை ஆண்டு பொறுத்துக்கொள்வார்கள் என்பதுதான் இங்கே தீர்மானமான கேள்வி. தலைவரின் பாலினத்தை மட்டும் பார்த்து அதற்கு விடை காண முடியாது.

பெண்கள் இயல்பிலேயே இயற்கைக்கு நெருக்கமானவர்கள் என்ற வாதம் 1980களில் வலுப்பெற்றது. அதைப் பொருளியலாளர் பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையொன்றில் மறுத்தார். விறகும் தண்ணீரும் சேகரிக்கும் வேலை பெண்கள் தலையில் விழுந்திருப்பதாலும், சொத்துரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருப்பதாலும், சூழல் சீரழிவின் சுமை அவர்களை முதலில் தாக்குகிறது. அக்கறை அந்த அனுபவத்திலிருந்து பிறக்கிறது என்பது அவர் வாதம். இது வணிகத்துக்கும் அப்படியே பொருந்தும். யார் சுமையைத் தாங்குகிறாரோ அவர் கையில் முடிவெடுக்கும் உரிமை இருக்கிறதா என்று கேட்டால்தான், பெண் தலைவர்கள் தொடங்கிய சில முயற்சிகள் ஏன் நிலைத்தன, சில ஏன் கைமாறிக் கரைந்தன என்பது விளங்கும். அனிட்டா ராடிக்கின் அழகுப் பொருள் நிறுவனமான பாடி ஷாப்பையும் இளா பட்டின் பெண் தொழிலாளர் சங்கமான சேவாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இதற்காகவே.

ராடிக் 1976 மார்ச்சில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 4,000 பவுண்டு கடனில் முதல் கடையைத் திறந்தார். பிற்காலத்தில் நிறுவனத்தின் அடையாளங்களாகிவிட்ட பல செயல்கள் முதலில் சிக்கனத்தால் வந்தவை. சுவரின் ஈரக்கறையை மறைக்க அடர்பச்சை வண்ணம் பூசப்பட்டது. வாங்கி வைத்த புட்டிகள் போதாததால், வாடிக்கையாளர் காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் நிரப்பித் தரும் வழக்கம் உருவானது. கொள்கை பின்னால் வந்து சேர்ந்தது. வந்த பின் அது உறுதியாக நின்றது. திமிங்கில வேட்டைக்கு எதிராக நிறுவனம் 1986இல் கிரீன்பீஸ் அமைப்புடன் கைகோத்தது. அழகுப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதற்கு எதிரான இயக்கத்தைக் கடை வாசல்களிலேயே நடத்தியது. அச்சோதனைகள் பிரிட்டனில் 1998இல் முடிவுக்கு வந்ததில் அந்த இயக்கத்துக்கும் பங்குண்டு.

இவற்றைவிட ஆழமானது 1987இல் தொடங்கிய சமூக வணிகத் திட்டம். இடைத்தரகரைத் தவிர்த்து, உற்பத்தி செய்யும் சமூகங்களிடமிருந்து நேரடியாக, நீண்ட கால அடிப்படையில் பொருள் வாங்குவது அதன் நோக்கம். மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் இயங்கும் டெடி எக்ஸ்போர்ட்ஸ் அத்திட்டத்தின் தொடக்க கால வழங்குநர்களுள் ஒன்று. அங்கே கடைந்த மர மசாஜ் உருளைகளும் தைத்த துணிப்பைகளும் பாடி ஷாப் கடைகளுக்குச் சென்றன; அந்த வருவாயில் அப்பகுதியில் பள்ளியும் மருத்துவப் பணிகளும் நடந்தன. இத்தகைய நன்மைகளை நிறுவனம் மிகைப்படுத்திச் சொல்கிறது என்று 1994இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் என்டைன் கடுமையாக எழுதினார். அதன் பின் நிறுவனம் தன் சமூக, சூழல் செயல்பாடுகளை வெளியார் சரிபார்ப்புக்கு உட்படுத்தி விரிவான அறிக்கை வெளியிட்டது. பெருநிறுவனங்கள் இன்று வெளியிடும் நீடித்த வளர்ச்சி அறிக்கைகளுக்கு அது ஒரு முன்னோடி. சங்கடமான விமர்சனத்துக்கு இப்படிப் பதில் சொன்னது ராடிக்கின் தலைமைக்குப் பெருமை சேர்ப்பதே.

ஆயினும் நிறுவனம் 1984இலேயே பங்குச் சந்தைக்குச் சென்றுவிட்டது. வழங்குநரோ, கடை ஊழியரோ, பிரசாரத்துக்குக் கையெழுத்திட்ட இலட்சக்கணக்கான வாடிக்கையாளரோ அதன் உடைமையாளர் அல்லர். 2006இல் லோரியல் நிறுவனம் 652 மில்லியன் பவுண்டுக்கு அதை வாங்கியது. பெரிய நிறுவனத்தின் உள்ளிருந்தே அதை மாற்றலாம் என்று ராடிக் நம்பினார். மறு ஆண்டே அவர் காலமானார். 2017இல் பிரேசிலின் நட்டூரா, 2023 இறுதியில் ஆரேலியஸ் என்ற முதலீட்டு நிறுவனம் எனக் கைகள் மாறின. 2024 பிப்ரவரியில் பிரிட்டன் பிரிவு நொடிப்பு நிர்வாகத்துக்குள் சென்றது. கடைகள் மூடப்பட்டன, கடன் கொடுத்தவர் வரிசையில் பிணையில்லாதவர்கள் கடைசியில் நின்றனர். சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த வழங்குநர்களின் இடம் அந்தக் கடைசி வரிசைதான். நீண்ட கால உறவு என்ற வாக்குறுதி ஒரு தலைவரின் மனத்திலும் ஒரு துறையின் கோப்புகளிலும் இருந்ததே தவிர, உடைமைப் பத்திரத்தில் இல்லை.

இளா பட் தொடங்கிய இடம் வேறு. அகமதாபாத்தின் ஆலைத் தொழிலாளர் சங்கமான மஜூர் மகாஜனின் மகளிர் பிரிவில் பணியாற்றிய அவர், தலைச்சுமை தூக்குவோர், பழந்துணி விற்போர், குப்பை பொறுக்குவோர் ஆகியோரைத் திரட்டி 1972இல் சேவாவைப் பதிவு செய்தார். முதலாளி இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று தொழிலாளர் துறை முதலில் மறுத்தது. எதிர்த்துப் போராட மட்டுமல்ல, தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒன்றுசேரவும் சங்கம் வேண்டும் என்று வாதிட்டுப் பதிவு பெற்றனர். 1974இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுக் கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். கையெழுத்திடத் தெரியாதவர்களுக்காகக் கணக்குப் புத்தகத்தில் புகைப்படம் ஒட்டப்பட்டது. 1981இல் தாய்ச் சங்கமான மஜூர் மகாஜன் சேவாவை வெளியேற்றியபோதும் வங்கி நின்றது. அது உறுப்பினரின் பணம்.

இந்த உடைமை அமைப்பு சூழல் பொறுப்பாக எப்படி மாறுகிறது என்பதற்கு குஜராத்தின் சிறு கட்ச் ரண் பகுதியின் உப்பளங்கள் நல்ல சான்று. மழைநீர் வடிந்த பின் அக்டோபர் வாக்கில், உப்பு விளைவிக்கும் அகரியா குடும்பங்கள் மரமற்ற அந்தச் சேற்று வெளிக்குக் குடிபெயர்கின்றன. கிணறு தோண்டி, உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் பாய்ச்சி, மாதக்கணக்கில் வெயிலில் காயவிட்டு, படிகத்தைப் பலகையால் கிளறி, கோடையில் வாருகின்றனர். இறைக்கும் இயந்திரம் இரவுபகலாக ஓடியது டீசலில். பருவச் செலவில் மிகப் பெரிய பங்கு டீசலுக்கே போனது. அதை வாங்க உப்பு வியாபாரி முன்பணம் தந்தார். முன்பணம் வாங்கியவர் அவர் சொல்லும் விலைக்கே உப்பைக் கொடுத்தாக வேண்டும். புகையும் கடனும் ஒரே குழாயில் வந்தன. 2010களில் சேவா தன் உறுப்பினர்களுக்குச் சூரிய மின் இறைப்பிகளைக் கொண்டுசென்றது. முதலில் பகலில் சூரியசக்தியும் மற்ற நேரத்தில் டீசலுமாக இரண்டும் கலந்து ஓடின. மிச்சமான டீசல் காசிலிருந்தே கடன் தவணை கட்டப்பட்டது. பருவம் முடிந்ததும் பலகங்களைக் கழற்றி ஊருக்குக் கொண்டுசெல்கின்றனர்.

கரிம உமிழ்வு குறைந்தது இதன் ஒரு விளைவு. அகரியாப் பெண்களுக்கு அதைவிடப் பெரியது, முன்பணத்தின் பிடி தளர்ந்தது. வெளியிலிருந்து வந்த எந்த நிறுவனத்துக்கும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அவசியம் இருந்திருக்காது. டீசல் செலவைத் தாங்கியவரே கடன் முடிவில் குரல் உள்ளவராகவும் இருந்ததால் கணக்கு அப்படி அமைந்தது. சேவாவின் வெற்றியை மிகைப்படுத்தவும் கூடாது. உப்பின் விலையை இன்றும் சந்தையும் வியாபாரிகளும் தீர்மானிக்கின்றனர். காட்டுக்கழுதைச் சரணாலயத்துக்குள் இருக்கும் அந்நிலத்தில் அகரியாக்களின் உரிமை இன்னும் தீராத வழக்கு. ஆனால் 2022 நவம்பரில் இளா பட் மறைந்தபோது சேவாவை வாங்க யாரும் வரவில்லை, வாங்கவும் முடியாது.

ராடிக்கின் அக்கறை இளா பட்டின் அக்கறையைவிடக் குறைந்தது என்று இந்த ஒப்பீடு சொல்லவில்லை. ஒருவரது அக்கறை விற்கத்தக்க பங்குகளுக்குள் இருந்தது. மற்றவரது அக்கறை விற்க முடியாத உறுப்பினர் உரிமைக்குள் இருந்தது. ஆகவே பெண் தலைமையின் சூழல் பயனை அளக்க விரும்புவோர் குழு மேசையில் எத்தனை பெண்கள் என்று எண்ணுவதோடு நின்றால், முதல் வகையை மட்டுமே காண்பர். பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் செபி கட்டாயமாக்கிய வணிகப் பொறுப்பு, நீடித்த வளர்ச்சி அறிக்கைப் படிவம் இயக்குநர்களில் பெண்களின் விகிதத்தையும் உமிழ்வையும் நீர்ப் பயன்பாட்டையும் கேட்கிறது. அது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் பல கைகள் தாண்டி அந்நிறுவனத்துக்கு வந்து சேரும் மூலப்பொருளைக் கிளறிக் கொடுத்த பெண் அதன் முக்கியக் கட்டங்களில் எங்கும் தென்படமாட்டார்.

இந்தியச் சட்டத்தில் மாற்று வடிவம் ஏற்கெனவே உள்ளது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உருவான உற்பத்தியாளர் நிறுவனத்தில் முதன்மை உற்பத்தியாளரும் அவர்தம் அமைப்புகளும் மட்டுமே உறுப்பினராகலாம். பங்குகள் சந்தைக்குப் போகா. தனிநபர் உறுப்பினர்கள் மட்டும் உள்ள நிறுவனத்தில் பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. பாடி ஷாப்புக்கு 2006இல் நடந்தது போன்ற விற்பனை இவ்வடிவில் நிகழ வழியில்லை. இதில் பெண்களுக்கு உள்ள தடை நடைமுறையில் இருக்கிறது. உறுப்பினராகச் சேர்க்கையில் நிலத்தின் பட்டாவைக் கேட்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பட்டா பெரும்பாலும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கிறது. வயலில் வேலை செய்பவர் என்ற சான்றே உறுப்பினராகப் போதும் என்று விதிகளில் தெளிவாக எழுதப்பட்டால், சுமையைத் தாங்கும் பெண் உடைமையாளர் ஆவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.