எந்த பேட்ச் நீங்க?

பள்ளிக்கூடத்துக் கதை – 23

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக் குடியிருப்புக்குள் ஒரு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. சி.ஆர்.பி.எஃப். வளாகத்தில் இன்னொன்று. மதிலைத் தாண்டி வெளியே வந்தால் மாநில அரசின் பள்ளிகள். மதிலுக்கு உள்ளே ஒன்றாம் வகுப்பு எடுக்கப் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். வெளியே 20,600 ரூபாய். கற்றுக்கொடுப்பது இரண்டு இடத்திலும் அதே கூட்டல், அதே கழித்தல்.

35,400-லிருந்து 20,600-ஐக் கழித்தால் 14,800. விடையை ஒரு பிள்ளைகூடச் சொல்லிவிடும். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்டால்தான் கதை நீள்கிறது.

மதிலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பதாவது புரிகிறது, முதலாளி வேறு. வெளியே இருக்கும் ஒரே பள்ளிக்குள் நடப்பதுதான் விசித்திரம். அம்பத்தூரிலோ திருமுல்லைவாயிலிலோ பூந்தமல்லியிலோ ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஐந்து நாற்காலிகள். முதலாவதில் 1998-ல் சேர்ந்தவர். பழைய பென்ஷன் உண்டு. இரண்டாவதில் 2004-ல் மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் வந்தவர். பழைய பென்ஷன் கிடையாது, சி.பி.எஸ். எனப்படும் பங்களிப்பு ஓய்வூதியம்தான். மூன்றாவதில் 2009 கடைசியில் வந்தவர், அவருக்கும் சி.பி.எஸ்., அதோடு அடிப்படை ஊதியமும் குறைவு. நான்காவதில் ஆசிரியர் தகுதித்தேர்வு எழுதி 2012 டிசம்பரில் பணி ஆணை வாங்கியவர். ஐந்தாவது நாற்காலி வாரத்தில் மூன்று அரை நாள் மட்டும் நிறையும். ஓவியமோ உடற்கல்வியோ தையலோ சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர், 2012-ல் 5,000 ரூபாயில் சேர்ந்தவர். மாற்றலாகிப் புதிதாக ஒருவர் வந்தால் ஊர் பேர் கேட்ட கையோடு வரும் அடுத்த கேள்வி, "எந்த பேட்ச் நீங்க?"

இந்த நாற்காலிகளை இப்படிப் பிரித்துப் போட்டவை அரசாணைகளில் இருக்கும் சில தேதிகள். அவற்றின் கதைதான் இந்த வாரம்.

1981 ஜூன் 1 அன்று பஞ்சாயத்து யூனியன் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனதைப் போன வாரம் பார்த்தோம். அதற்குப் பின் பெரிய வெற்றி என்றால் மத்திய அரசுக்கு இணையான ஊதியம்தான். ஆளுநர் ஆட்சி நடந்த 1988-ல் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் சேர்ந்து நீண்ட வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு வந்த கருணாநிதி அரசு அதை ஏற்று, 1.6.1988 முதல் கணக்கிட்டுக் கொடுத்தது. ஆவடி மாதிரி ஊரில் 'மத்திய அரசுக்கு இணையாக' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஃபேக்டரியில் வேலை பார்ப்பார். அவர் சம்பளச் சீட்டே போதும்.

பதினைந்து ஆண்டு கழித்து 2003. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, ஓய்வூதியத்திலும் பணிக்கொடையிலும் விடுப்பு ஒப்படைப்பிலும் ஜெயலலிதா அரசு கைவைத்தது. பென்ஷனில் முன்பணமாகத் தொகுத்து வாங்கும் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்புகளான ஜாக்டோ-ஜியோவும் கோட்டா-ஜியோவும் ஒரே மேடைக்கு வந்தன. ஜூலை 2-ம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. முந்தைய இரவுகளிலேயே தலைவர்களைப் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2002-ல் கொண்டுவந்திருந்த தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், அதாவது டெஸ்மா, கையில் தயாராக இருந்தது. ஜூலை 4-ல் ஓர் அவசரச் சட்டத்தால் அதை இன்னும் இறுக்கினார்கள். விசாரணை இல்லை, விளக்கம் கேட்பு இல்லை, 1.70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலை இழந்தார்கள். உலகத் தொழிற்சங்க வரலாற்றிலேயே இதற்கு இணை சொல்வது சிரமம். 1981-ல் அமெரிக்காவில் ரீகன் வேலை நீக்கிய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பதினோராயிரத்துச் சொச்சம் பேர்தான்.

(ஒரு பக்கக் குறிப்பு. 'அத்தியாவசியம்' என்ற சொல்லுக்கு ஒரு குணம் உண்டு: சம்பளம் கேட்கும்போது நினைவுக்கு வராது, வேலைநிறுத்தம் என்றதும் வந்துவிடும். 2021-ல் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் என்று ஒன்றை மத்திய அரசு கொண்டுவந்து அங்கேயும் வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. அந்த ஏழில் ஒன்றான கவச வாகன நிறுவனத்தின் தலைமையகம் ஆவடியில்தான். மதிலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கும் அந்தச் சொல் பதினெட்டு ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது.)

வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. சி.ஐ.டி.யு. தலைவர் டி.கே.ரங்கராஜன் பெயரில் இருந்த அந்த வழக்கில், எம்.பி.ஷா, ஏ.ஆர்.லட்சுமணன் ஆகிய நீதிபதிகள் 2003 ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை அரசியல் சட்டத்திலும் இல்லை, வேறு சட்டத்திலும் இல்லை, தார்மிகமாகவும் இல்லை என்றது தீர்ப்பு. பெரும்பாலோர் அதற்கு முன்பே, ஜூலையிலேயே, திரும்ப வேலைக்குப் போயிருந்தார்கள். போகும்போது நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதமும், வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தார்கள். 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த கைகள் மன்னிப்பு எழுதிய மாதம் அது. அந்த அவமானத்தை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. 2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு, புதுச்சேரியின் 40 தொகுதிகளையும் ஆளுங்கட்சிக் கூட்டணி இழந்தது. முடிவு வந்த சில நாளிலேயே, ஊழியர்கள் மீது எடுத்த நடவடிக்கைகளை ஜெயலலிதா திரும்பப் பெற்றார்.

சங்கங்களின் மேடைகளில் இந்தக் கதை இந்த இடத்தில் முடியும், கைதட்டலோடு. நான் இங்கேதான் தொடங்க விரும்புகிறேன்.

தீர்ப்பு வந்த அதே ஆகஸ்ட் 6 அன்று, நிதித் துறையிலிருந்து அரசாணை எண் 259 வெளியானது. 1.4.2003 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேருபவருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு பிடிக்கப்படும், அரசும் அதே அளவு போடும், அதுதான் பங்களிப்பு ஓய்வூதியம். மத்திய அரசின் புதிய ஓய்வூதியத் திட்டம் 2004 ஜனவரியில்தான் வந்தது, நாம் முந்திக்கொண்டோம். மறுநாள் பத்திரிகைகளில் எது தலைப்புச் செய்தி ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2004-ல் நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டபோது இந்த ஆணை மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. காரணம் எளிது. மன்னிப்புக் கடிதம் எழுதியவர்களில் யாரையும் அது தொடவில்லை. அது தொட்டவர்கள் அப்போது ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் படித்துக்கொண்டிருந்தார்கள், அல்லது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் வேலைக்கே வராதவர் சந்தா கட்ட முடியாது, பொதுக்குழுவில் எழுந்து பேச முடியாது. எந்த அரசுக்கும் இதைவிட வசதியான எதிராளி கிடைக்க மாட்டார். சங்கங்கள் எதிர்த்து அறிக்கை விட்டன. ஆனால் ஜூலை மாதத்துக் கோபம் அதில் இல்லை. சங்கத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, எழுதிவிடுகிறேன்: 2003-ன் பெரிய தோல்வி டிஸ்மிஸ் அல்ல, அரசாணை 259.

தேதி போடும் இந்த உத்தி அதன் பின் பழக்கமாகிவிட்டது. 2003-க்கும் 2006-க்கும் இடையில் வந்தவர்கள் தொகுப்பூதியத்தில் வந்தார்கள்: தொடக்க வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுநிலை ஆசிரியருக்கு 4,500. அடுத்து வந்த கருணாநிதி ஆட்சி 1.6.2006 முதல் அவர்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் அதற்கு முந்தைய தொகுப்பூதியக் காலம் பணிப்பதிவேட்டில் கணக்கில் சேரவில்லை. 2019 வேலைநிறுத்தக் கோரிக்கைப் பட்டியலில்கூட அது ஒரு வரியாக நின்றது.

பிறகு 2009. ஆறாவது ஊதியக் குழு. இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் இன்றுவரை சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் போராட்டப் பந்தல் போட வைப்பது இந்தக் கணக்குத்தான். இடைநிலை ஆசிரியரின் பழைய அடிப்படை ஊதியம் 4,500. ஏற்கெனவே பணியில் இருந்தவருக்கு அதை 1.86-ஆல் பெருக்கினார்கள், 8,370 வந்தது. புதிதாக வருபவருக்குப் பெருக்க எதுவும் இல்லையே, ஊதிய விகிதத்தின் தொடக்கமான 5,200-ல் நிறுத்தினார்கள். தர ஊதியம் இருவருக்கும் 2,800. எல்லைக்கோடு 31.5.2009. அன்று சேர்ந்தவருக்கும் மறுநாள் சேர்ந்தவருக்கும் அடிப்படையில் 3,170 ரூபாய் வித்தியாசம். ஏழாவது ஊதியக் குழு 2.57-ஆல் பெருக்கியபோது வித்தியாசமும் சேர்ந்து பெருகியது. மத்திய அரசு தன் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு 9,300-ல் தொடங்கும் விகிதமும் 4,200 தர ஊதியமும் கொடுத்திருந்தது. 1988-ல் கிடைத்த 'இணையான ஊதியம்' இடைநிலை ஆசிரியருக்கு இருபத்தோரு ஆண்டில் கைவிட்டுப் போனது. ஆவடி மதிலின் 14,800 பிறந்த இடம் இது.

இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற சுமார் 20,000 பேர் தங்களுக்கென்று தனி இயக்கமே கண்டார்கள். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்பது அவர்கள் முழக்கம். சி.பி.எஸ்.ஸை ஒழிக்க ஓர் இயக்கம், பகுதிநேர ஆசிரியருக்கு ஒரு கூட்டமைப்பு, தேர்வில் தேறியும் வேலை கிடைக்காதவர்களுக்கு ஒன்று. ஜாக்டோ-ஜியோவின் பெரிய குடை இருக்கத்தான் செய்தது. ஆனால் குடைக்குள் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் முதல் கோரிக்கை வேறு. கோட்டையில் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் அமைச்சருக்கு இது தெரியாதா என்ன?

2019 ஜனவரி 22-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் ஒன்பது கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சி.பி.எஸ். ரத்து, இடைநிலை ஆசிரியர் ஊதியம், 21 மாத ஊதிய நிலுவை, குறைந்த மாணவர் உள்ள 5,000 பள்ளிகளை மூடாதே, இடைநிலை ஆசிரியர்களை அங்கன்வாடி எல்.கே.ஜி. வகுப்புக்கு அனுப்பாதே, தொடக்கக் கல்வியை மற்றக் கல்வியோடு கலக்கும் அரசாணை 101 வேண்டாம்... பள்ளிக்கூடத்தைப் பற்றிய கோரிக்கைகள் இதில் நன்றாகவே இருக்கின்றன. பொதுமக்கள் காதில் விழுந்தது சம்பளம் மட்டுமே. எடப்பாடி பழனிசாமி அரசு சம்பளக் கணக்கை விளம்பரம் செய்தது; 7,500 என்று ஆரம்பித்துப் பிறகு 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களைத் தேடியது. வேலையில்லாமல் காத்திருந்த பி.எட்.காரர்கள் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொதுத்தேர்வு நெருங்க, ஜனவரி 30-ல் போராட்டம் நின்றது.

1.4.2003 என்ற கோடு இருபத்திரண்டு ஆண்டு அசையவில்லை. 2026 ஜனவரி 3 அன்று மு.க.ஸ்டாலின் அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி ஓய்வூதியமாக வரும். பத்து விழுக்காடு பிடித்தம் தொடரும். முதல் நாற்காலிக்காரருக்குப் பிடித்தம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். கோடு மெலிந்திருக்கிறது, அழியவில்லை.

அடியோடு அழிந்த கோடு ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டம் வந்த பின், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 23.8.2010 அன்று தகுதித்தேர்வைக் கட்டாயமாக்கி, அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு விலக்கு அளித்திருந்தது. 2012 ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் தகுதித்தேர்வை ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி 2,448 பேர் தேறியபோது, பழைய பேட்ச்காரர்கள் இந்த விலக்கை நினைத்துத்தான் பெருமூச்சு விட்டார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர் எந்த ஆண்டில் சேர்ந்திருந்தாலும் இரண்டு ஆண்டுக்குள் தேறியாக வேண்டும். சம்பளத்தையும் பென்ஷனையும் பிரித்த கோடுகள் நிற்க, ஆசிரியரைக் காத்த கோடு மட்டும் போனது.

ஐந்து நாற்காலிகளில் முதல் மூன்றுக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தலாம். கெடு 2027 செப்டம்பர்.

(தொடரும்)